எட்டு ஜோடி ஷூவுக்கு ஒரு குதிரை

பூட்டானைப் பற்றி அனிஷா பேச ஆரம்பித்தால் கேட்பவர்களுக்கு உண்மையிலேயே குளிரெடுத்துவிடும். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் பானுமதி மாமியின் கூடத்தில், மே மாதத்து மத்தியான வேளையில், ஃபேன் அனலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தபோது அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

"செங்குத்தான பாறை மாமி. அதுல ஒட்ட வெச்ச மாதிரி ஒரு மடம். பேரே புலிக்குகைதான். அவங்களோட குரு பத்மசம்பவர் புலி மேல ஏறிப் பறந்து வந்து அங்க இறங்கினார்னு சொல்றாங்க. மேகம் மூடியிருந்தா ஒண்ணுமே தெரியாது. விலகிச்சுன்னா, அவ்வளவுதான், கண்ணை எடுக்க முடியாது."

கேட்டுக்கொண்டிருந்த, மாமியின் நடைப்பயிற்சிக் கூட்டாளி பெரியண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டார்.

இவ்வளவு பேசியவள் பூட்டானுக்குப் போனதே கிடையாது. அதை இப்போதே சொல்லிவிடுவதுதான் நியாயம். பாலக்கரையில் அப்பா டோமினிக்கின் டயர் கடைக்கு மேல்மாடியில் பிறந்து வளர்ந்த பெண் அவள். வாழ்க்கையில் பார்த்த மலைகள் இரண்டே இரண்டு. ஒன்று மலைக்கோட்டை. இன்னொன்று பச்சைமலை, காலேஜ் முகாமுக்காக, அதுவும் பஸ்ஸில். மற்றதெல்லாம் வீடியோ. பூட்டான் போனவர்கள் எடுத்துப் போட்ட வீடியோ ஒன்று விடாமல் பார்த்து, எந்த வளைவில் அருவி, எந்தப் பாலத்தில் கொடி என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். 'நீ போயிருக்கிறாயா' என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு வலியப் போய்ப் பதில் சொல்ல அவள் என்ன அசடா?

டிராவல் ஆபீஸில் அடுத்தவர்களுக்கு டிக்கெட் போட்டுப் போட்டு அலுத்துப்போய், வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக டூர் நடத்தக் கிளம்பியிருந்தாள். இதுதான் முதல் டூர். அப்பா டோமினிக் கத்தவும் இல்லை, வாழ்த்தவும் இல்லை. "ஒண்ணு நடத்திப் பாரு. நல்லபடியா முடிஞ்சா உன் இஷ்டம். இல்லேன்னா மெட்ராஸ்ல சித்தப்பா சொல்ற இன்சூரன்ஸ் வேலைக்குக் கிளம்பிடணும்," என்றார். நாள் முழுக்கக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பாலிசி விற்பது அனிஷாவால் ஆகிற காரியமில்லை.

பானுமதி மாமி பாங்க் மேனேஜராக இருந்து ரிட்டயரானவர். தினமும் விடிகாலையில் உத்திர வீதியைச் சுற்றி நடக்கிற கூட்டத்துக்குத் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்ட பதவி. அந்தக் கூட்டத்தில் அவரையும் சேர்த்து எட்டுப் பேர் வருவதாகச் சொன்னார்கள். அடுத்த டூருக்கு வரலாமா என்று இன்னும் இருபது பேர் முடிவு சொல்லாமல் மதில்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"போன வருஷம் ஒருத்தன் கேதார்நாத் கூட்டிண்டு போனான்," என்றார் மாமி. "பாதிப் பேரைக் கீழயே உக்கார வெச்சுட்டு, மத்தவாளை மட்டும் அழைச்சுண்டு போய்ட்டான். அதனால சொல்றேன். எட்டுப் பேரும் அந்த மடத்துக்குப் போயாகணும். ஒருத்தர் விட்டுப்போனாலும் அந்த இருபது பேரும் வரமாட்டா. நானே வேண்டாம்னு சொல்லிடுவேன்."

"எட்டுப் பேரையும் ஏத்திடறேன் மாமி," என்றாள் அனிஷா. ஏதோ மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுவது மாதிரிதான் சொன்னாள்.

சொன்னதோடு நிற்காமல் பயிற்சியும் ஆரம்பித்தாள். வாரத்தில் மூன்று நாள் எல்லோரும் காவிரிப் பாலம் தாண்டி மலைக்கோட்டைக்கு வந்துவிட வேண்டும். அடிவாரத்தில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு உச்சிப் பிள்ளையார் வரைக்கும் ஏறி இறங்க வேண்டும். முதல் வாரம் தாயுமானவர் சந்நிதி தாண்டுவதற்குள் நாக்குத் தள்ளியது. மூன்று மாதத்தில், மேலே போய் நின்று ஆளுக்கு ஒரு கதை பேசிவிட்டு இறங்கும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். பெரியண்ணனின் மனைவி பவுனம்மாள் மட்டும் எப்போதும் கடைசி. அதிகம் பேசாத மனுஷி. ஏறிக்கொண்டே இருப்பார், ஆனால் கடைசி.

"அங்கயும் இப்படித்தான் இருக்குமா?" என்று பெரியண்ணன் கேட்டார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர், எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார்.

"இதே மாதிரிதான் சார். கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். அங்க அடிவாரத்துலேர்ந்தே கோயில்தான்," என்றாள் அனிஷா. வாயில் நன்றாக வந்தது, சொல்லிவிட்டாள்.

அக்டோபரில் கிளம்பினார்கள். எல்லோர் காலிலும் என்.எஸ்.பி. ரோட்டில் வாங்கிய புது ஷூ. பெட்டிகளில் பாதி பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும். கல்கத்தா வழியாகப் பறந்து, அப்புறம் ரோடு பிடித்து எல்லைக்குப் போனார்கள். இந்தப் பக்கம் ஹாரனும் புழுதியும் கூச்சலுமாக ஒரு கடைத்தெரு. சித்திர வேலை செய்த ஒரு வாசலைத் தாண்டியதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. யாரோ ரேடியோவை நிறுத்தியது போல இருந்தது.

அனிஷாவின் பாடு அங்கேதான் ஆரம்பித்தது. பார்க்கிற ஒவ்வொன்றும் அவளை அப்படியே உலுக்கியது. ஆனால் வாயைப் பிளக்க முடியாது. பலமுறை வந்து போனவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். "அடுத்த வளைவுல ஒரு அருவி வரும் பாருங்க," என்று அலட்சியமாகச் சொல்வாள். வளைவு திரும்பும், அருவி கொட்டும், உள்ளுக்குள் குதிப்பாள். வெளியில் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருப்பாள். அந்த ஊர் கைடு கின்லே முதல் நாளே ஆங்கிலத்தில், "மேடம், உங்களுக்கும் முதல் தடவையா?" என்று கேட்டுவிட்டான். பின்சீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று அவள் விரலை உதட்டில் வைத்தாள். அவன் நல்ல பையன், புரிந்துகொண்டு வண்டியில் பாட்டுப் போட்டுவிட்டான்.

திம்புவில் சிக்னல் விளக்கே கிடையாது. வர்ணம் அடித்த ஒரு குட்டி மண்டபத்தில் போலீஸ்காரர் நின்று, நாட்டியம் மாதிரி கையைக் காட்டி வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தார். பெரியண்ணன் வெகுநேரம் நின்று பார்த்தார். "இவரை ஒரு நாள் நம்ம பாலக்கரை ரவுண்டானாவுல நிக்க வெச்சுப் பாக்கணும்," என்றார். புனாகாவில் இரண்டு ஆறுகள் வந்து சேரும் முனையில் வெள்ளைச் சுவரோடு ஒரு பெரிய மடம். "நம்மூர்ல காவேரியும் கொள்ளிடமும் பிரியறது. இங்க ரெண்டும் வந்து சேர்றது," என்று பானுமதி மாமி பாலத்திலேயே நின்றுவிட்டார். மிளகாயையே காய்கறியாகப் போட்டுச் சீஸோடு சமைத்த குழம்பை யாரும் தொடவில்லை. பவுனம்மாள் மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒவ்வொரு நாளும் ஒரு மடம், ஒரு ஏற்றம். எல்லாம் சின்ன ஏற்றங்கள். எட்டுப் பேரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். அனிஷாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. கடைசியில், எல்லாவற்றுக்கும் பெரியதான புலிக்குகைக்குரிய காலை விடிந்தது.

பாரோ பள்ளத்தாக்கு முழுக்க மேகம். மடம் இருக்கும் பாறை எந்தத் திசையில் என்றுகூடத் தெரியவில்லை. கவுண்டரில் டிக்கெட்டில் ஏதோ பெயர் தவறு. அனிஷாவும் கின்லேயும் அதைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார்கள். பின்னால் எட்டுப் பேரும் கைத்தடி வாங்கிக்கொண்டு வந்தார்கள். பைன் மரக்காடு, மண்பாதை, குதிரைச் சாணம். அனிஷா பேசிக்கொண்டே போனாள். அரை மலைக்குக் கொஞ்சம் கீழே, எதிரே குதிரையை இறக்கிக்கொண்டு வந்த ஆள் ஒருவர் திடீரென்று நின்றார். அவள் கூட்டத்தின் கால்களைப் பார்த்தார். கின்லேயைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். கின்லே திரும்பிப் பார்த்தான். அனிஷாவும் பார்த்தாள்.

பதினாறு வெறுங்கால்கள்.

"மாமி, ஷூ எங்க?"

"கீழ. வாசல்ல விட்டுட்டு வந்தோம்."

"எந்த வாசல்?"

"கொடியெல்லாம் கட்டியிருந்ததே, தண்ணியில தானா சுத்தற மந்திர உருளையெல்லாம் இருந்ததே, அங்கதான். வலம் வந்துட்டு ஓரமா அடுக்கி வெச்சுட்டு வந்தோம்."

"ஏன் மாமி?"

"ஏன்னு கேக்கறயே? மூணு மாசம் பழக்கினது யாரு? இதே மாதிரிதான், அடிவாரத்துலேர்ந்தே கோயில்தான்னு சொன்னது யாரு?"

"லேஸை ஜோடி ஜோடியா முடிஞ்சுதான் வெச்சிருக்கேன்மா, மாறிப்போகாது," என்று பெரியண்ணன் தைரியம் சொன்னார். "டோக்கன் குடுக்கற ஆளைத்தான் காணோம்."

கின்லேக்கு விஷயம் புரிந்ததும் சிரிப்புத் தாங்காமல் ஒரு வேரின் மேல் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாதி மலை தாண்டினால் கூரான கல் என்றான். ஷூ இல்லாமல் போனால் பாதம் கிழிந்துவிடும். அனிஷாவுக்குக் காது சூடேறியது. ஒரே ஒரு தடவை இங்கே வந்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்குமா? வாயில் வந்ததைச் சொன்னாள், இவர்களும் அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அவளுக்கு அவமானமாகவும் இருந்தது, அவர்கள் மேல் பாசம் பொங்கிக்கொண்டும் வந்தது.

"மெதுவா ஏறிட்டே இருங்க. டீக்கடை வரும், அங்க உக்காருங்க," என்று சொல்லிவிட்டு, குதிரைக்காரரோடு கீழே ஓடினாள். கொடி கட்டிய வாசலுக்குப் பக்கத்தில் எட்டு ஜோடி ஷூவும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. யாரும் தொடவில்லை. அவற்றைக் குதிரையின் சேணத்தில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டார்கள். வெள்ளைக்காரர்களை ஏற்றிப் பழகிய குதிரை, முதுகில் ஆளே இல்லாமல் ஷூக்களைச் சுமந்துகொண்டு கம்பீரமாக நடந்தது. வழியில் போகிறவர்கள் எல்லோரும் நின்று படம் எடுத்தார்கள். அனிஷா அதன் வாலைப் பார்த்துக்கொண்டே மூச்சிரைக்க ஏறினாள்.

டீக்கடையில் எட்டுப் பேரும் அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வெறுங்காலோடுதான் வந்திருந்தார்கள். மலைக்கோட்டைப் படிகளில் காய்த்துப்போன பாதங்கள். குதிரை வந்ததும் கைதட்டினார்கள். ஷூ மாட்டிக்கொண்டு எழுந்தபோது பானுமதி மாமி ஆட்களை எண்ணினார். ஏழுதான் வந்தது. பவுனம்மாள் எழுந்திருக்கவில்லை.

உள்ளங்காலில் ஒரு கல் கீறியிருந்தது. பெரிய காயமில்லை, கின்லே மருந்து போட்டுப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டான். ஆனால் பவுனம்மாள் முகத்தில் களைப்பு அப்பியிருந்தது. "எனக்கு இது போதும். நீங்க போயிட்டு வாங்க," என்றார். பெரியண்ணன் கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் தானும் உட்காரப் போனார். "நீங்க உக்காந்தா நான் வீட்டுக்கு வந்து பேசவேமாட்டேன்," என்று பவுனம்மாள் அவரை விரட்டினார்.

பானுமதி மாமி அனிஷாவைப் பார்த்தார். கைத்தடியை எடுத்துக்கொண்டு நடந்தார். கின்லேயோடு ஏழு பேரும் மேகத்துக்குள் மறைந்தார்கள். கூட வந்தவர்களில் யாரையும் தனியாக விட்டுப் போவதில்லை என்பது அனிஷா தனக்கே போட்டுக்கொண்ட விதி. பெஞ்சில் பவுனம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முடிந்தது. இருபது பேரும் போயாயிற்று. கண்ணாடித் தடுப்பும் பாலிசியும் கண்முன்னே வந்து நின்றன. அதைவிட மோசம், இவ்வளவு தூரம் வந்து, இந்த மேகத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதைப் பார்க்காமலே இறங்க வேண்டும்.

"உனக்கு நஷ்டமில்லைல்ல," என்றார் பவுனம்மாள். "நீ பாத்ததுதானே. அதான் எனக்கும் மனசு நிம்மதியா இருக்கு. இங்கயே உக்காந்து எனக்குச் சொல்லு. மொத மொதல்ல அந்த மடத்தைப் பாத்தப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?"

அனிஷா வாயைத் திறந்தாள். செங்குத்தான பாறை, ஒட்ட வைத்த மாதிரி, புலி, எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் பவுனம்மாள் கேட்டது பாறையைப் பற்றி அல்ல. இந்தக் கேள்விக்கு எந்த வீடியோவிலும் பதில் இல்லை. எல்லோரையும் பேசியே மயக்கியவளுக்கு அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை.

"நான் பாத்ததில்லைம்மா."

"என்ன?"

"இது வரைக்கும் வந்ததே இல்ல. எல்லாம் வீடியோவுல பாத்ததுதான். உங்களோடதான் மொத தடவ."

பவுனம்மாள் அவளையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று அனிஷா குனிந்துகொண்டாள்.

"அப்ப நான் இங்க உக்காந்துட்டா நீயும் பாக்காமயே திரும்பிடுவியா?"

"பரவால்லம்மா. உங்க காலு..."

"என்ன பரவால்ல? வாய் ஓயாம அதைப் பத்தியே பேசிப் பேசி எங்க எல்லாரையும் வீட்டைவிட்டுக் கிளப்பினவ நீ. நீ பாக்கலேன்னா எப்படி?" பவுனம்மாள் காலை நீட்டினார். "அந்த ஷூவை மாட்டி விடு. லேஸை இறுக்கிக் கட்டு."

கிளம்பினார்கள். நாலு எட்டு, ஒரு நிறுத்தம், நாலு எட்டு, ஒரு நிறுத்தம். அனிஷா உற்சாகத்தில் எதையோ சொல்ல ஆரம்பித்தபோது, "பேசாம வா, மூச்சை வீணாக்காத," என்றார் பவுனம்மாள். அனிஷா பேசாமல் நடந்தாள். அந்த ஒரு வாரத்தில் அவள் வாய் மூடியிருந்தது அப்போதுதான். மரங்களில் தாடி தாடியாகப் பாசி தொங்கியது. எங்கோ மணி ஒலித்தது. வழி நெடுக ஐந்து வர்ணக் கொடிகள் காற்றில் படபடத்தன. அடுத்த வளைவில் என்ன வரும் என்று அவளுக்கு இப்போது ஞாபகமே இல்லை. நெஞ்சு அடித்துக்கொள்வது ஏற்றத்தினாலா, ஆவலினாலா என்றும் தெரியவில்லை. இப்படியொரு சந்தோஷம் தனக்கு வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மடத்துக்கு எதிரே இருக்கும் பார்வைத்திட்டில் ஏழு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். எதிரே வெறும் வெள்ளை. "இன்னும் மூடித்தான் இருக்கு," என்று சொல்லித் திரும்பிய பெரியண்ணன், மனைவியைப் பார்த்ததும் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டார். ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சமயத்தில்தான் கின்லே கத்தினான்.

மேகம் நடுவில் கிழிந்தது. முதலில் ஒரு தங்கக் கூரை. அப்புறம் வெள்ளைச் சுவர், சிவப்புப் பட்டை, ஜன்னல்கள். அதற்குக் கீழே பாறை, பாறைக்குக் கீழே ஒன்றுமே இல்லை, ஆகாயம்தான். கட்டினவர்கள் எங்கே நின்று கட்டினார்கள்?

"மாதாவே," என்றாள் அனிஷா. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், சிரித்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், மறுபடி அழுதாள். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் சேலையைப் பிடித்து இழுத்து, "பாருங்க, பாருங்க, அங்க பாருங்க," என்றாள். எல்லோரும் முதலில் மடத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அவளைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"அனிஷா," என்றார் பானுமதி மாமி. "நீ இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கியோ?"

கடைசியில் அந்தக் கேள்வி வந்தேவிட்டது.

"இல்ல மாமி."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்ல."

"அப்ப அந்த அருவி?" என்றார் பெரியண்ணன். "வளைவுக்கு வளைவு கரெக்டா சொன்னியே?"

"வீடியோ சார்."

மாமியின் முகத்தில் பழைய பாங்க் மேனேஜர் வந்து உட்கார்ந்துவிட்டார். கையெழுத்து சரியில்லாத செக்கைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார். அனிஷா எழுந்து நின்றாள். மெட்ராஸ் என்றால் மெட்ராஸ். இதைப் பார்த்துவிட்டாள், இனி யாராலும் இதைப் பிடுங்கிக்கொள்ள முடியாது.

"நன்னா இருக்கு. நேர்ல பாக்காததையா இத்தனை நாள் பாத்த மாதிரி சொன்னே?" மாமி மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கோ. இவ சொன்ன மாதிரியா இருக்கு இது?"

பதில் சொன்னது பவுனம்மாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, மடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"இல்லவே இல்ல. அந்தப் பொண்ணு சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இப்பத்தான் பாத்துடுச்சே, அடுத்த தடவ அந்த இருபது பேருகிட்ட சரியா சொல்லும்."

பானுமதி மாமி பவுனம்மாளை மேலும் கீழும் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், அப்புறம் அனிஷாவின் ஈரமான முகத்தைப் பார்த்தார்.

"சொல்றப்ப நான் பக்கத்துல உக்காந்துப்பேன்," என்றார். "கூடக் கொறச்சுச் சொன்னியோ, அங்கயே நிறுத்திடுவேன்." பிறகு கைத்தடியைத் தரையில் தட்டினார். "என்ன எல்லாரும் நின்னுண்டிருக்கேள்? இன்னும் உள்ள போகலையே."

பாறையின் ஓரமாகப் படிகள் பள்ளத்துக்கு இறங்கி, ஒரு பாலத்தைத் தாண்டி, மறுபடி மடத்துக்கு ஏறின. வழக்கமாக அனிஷா முன்னால் போய் நின்று அடுத்து என்ன வரும் என்று சொல்வாள். இப்போது மற்ற ஏழு பேருக்கும் பின்னால், பவுனம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்தபடியே இறங்கினாள்.